வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு வீடு விடுகிறவர் என்றதும் தெருத் தெருவாகக் கட்டடம் வைத்திருக்கும் பெருஞ்செல்வர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் அது உண்மைக்கு வெகுதூரம். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையைப் போட்டு மாடி எடுத்த பள்ளி ஆசிரியர், கணவர் கட்டிவைத்துப் போன வீட்டில் ஒரு போர்ஷனை விட்டு அந்த வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிக்கும் மூதாட்டி, வங்கிக் கடனில் புறநகரில் ஓர் அடுக்கக வீட்டை வாங்கிவிட்டு உத்தியோக நிமித்தம் வேறு ஊரில் தாமே வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞர் முதலானவர்களே நாம் அன்றாடம் காணும் வீட்டுக்காரர்கள். இவர்களுக்கு அது ஒரு தொழில் அன்று. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் செங்கல்லும் சிமெண்டுமாக உருமாறி நிற்கும் ஒரே ஆஸ்தி. குடித்தனக்காரரைத் தேடித் தருவது, வாடகை வசூலிப்பது, பழுது பார்ப்பது ஆகிய சகல காரியங்களையும் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் நிர்வாக நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் பெருநகரங்களில் பெருகியிருப்பதால், இப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கத்தான் வேண்டுமா, உடையவரே தம் கையில் வைத்துக்கொண்டு செம்மையாக நடத்த இயலுமா என்னும் கேள்வி இவர்கள் முன் எழுந்திருக்கிறது.

விடை சொல்லுமுன், அந்த நிர்வாகி என்னதான் செய்கிறார் என்று பார்ப்பது நலம். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நிர்வாகியின் கடமைகளைத் தானே வகுத்துச் சொல்கிறது: ரசீது கொடுத்து வாடகை பெறுதல், உரிமையாளரின் சார்பில் அவசியமான பழுதுகளைப் பார்த்தல், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுதல், தகுந்த முறையில் நோட்டீஸ் கொடுத்தல், குடியிருப்போருக்குள்ளும் அவர்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலும் எழும் பிணக்குகளைத் தீர்க்க உதவுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒன்றிரண்டு வீடுகளே உடையவராய், அவை இருக்கும் ஊரிலேயே வாழ்பவர் இவற்றுள் எதையும் செய்ய இயலாதவர் என்று சொல்வதற்கில்லை. அவருக்குத் தடையாக நிற்பது வேலையின் கடுமையன்று. இப்போது வழக்கிலில்லாத ஒரு பழைய சட்டத்தின் காலத்தில் பிறந்து, அச்சட்டம் மறைந்த பின்னும் வீட்டுக்காரர் மனத்தில் குடியிருந்து வரும் அச்சங்களும் அந்த அச்சங்கள் வளர்த்த பழக்கங்களுமே என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1942-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், ஜப்பானியப் படையின் தாக்குதலை எதிர்பார்த்துச் சென்னை நகரம் காலியானபோது, வீதிகள்தோறும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடியிருக்க ஆள் வந்தால் போதும் என்று உடையவர்கள் ஏங்கிய காலம் அது. யுத்தம் திசை திரும்பியதும் போனவர்கள் திரும்பினார்கள். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தோரும் உத்தியோகம் தேடிக் கிராமங்களிலிருந்து வந்தோரும் சேர, சில ஆண்டுகளுக்குள்ளேயே நிலைமை தலைகீழாக மாறி, ஒண்டுக் குடித்தனத்துக்கும் இடமில்லாத நெருக்கடி உண்டாயிற்று. பணக்கார ஆசாமி கூடுதலாகத் தருகிறான் என்பதற்காக ஏழைக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது என்னும் நியாயமான கருணையிலிருந்தே வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. யுத்தகால உத்தரவுகளைத் தொடர்ந்து 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டமாக வந்த கட்டடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டு நகரங்களின் வீட்டு வாடகை உறவை ஆண்டது.

அச்சட்டத்தின் நோக்கத்தில் குற்றம் காண இயலாது. ஆனால் கட்டடத்தின் மதிப்பையும் மனையின் மதிப்பையும் கணக்கிட்டு, குடியிருப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9-உம், வணிக இடத்துக்கு 12-உம் என்னும் விகிதத்தில் அது விதித்த நியாய வாடகையைப் பெறுவதற்கே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. வாடகை தராதவரை வெளியேற்ற வேண்டுமானால், அவர் தராததை மட்டுமன்றி, வேண்டுமென்றே தராமலிருந்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சொந்த உபயோகத்துக்குத் தேவை என்று கேட்ட வழக்குகள் மேல்முறையீடு, சீராய்வு என்று படிப்படியாக ஏறித் தந்தை தொடுத்த வழக்கில் மகன் தீர்ப்புக் கேட்டதும் உண்டு. சென்னையின் பழைய பேட்டைகளில், வாங்கும் வாடகையில் சுண்ணாம்பு அடிக்கவும் கட்டாது என்று உடையவர் கைவிட, தமக்குச் சொந்தமில்லாததற்குச் செலவழிப்பானேன் என்று குடியிருப்பவரும் கைவிட, நடுவில் அரசமரம் முளைத்துச் சரிந்த கட்டடங்கள் அக்காலத்தின் சாட்சிகள்.

இந்த அனுபவத்திலிருந்து வீட்டுக்காரர் சமூகம் சில தற்காப்புகளைக் கற்றுக்கொண்டது. எதையும் எழுத்தில் வைக்காதிருத்தல், எழுதினாலும் பதினொரு மாதத்துக்கு மேல் எழுதாதிருத்தல், ஒருவரையும் நீண்ட காலம் நிலைக்க விடாதிருத்தல், பத்து மாத வாடகையை அட்வான்ஸாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுதல், ரசீது கொடாதிருத்தல் முதலியன அவை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவுசெய்தே தீரவேண்டும் என்று விதித்ததனால் பதினொரு மாதக் கணக்கு உண்டாயிற்று. பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடே குடித்தனக்காரருக்குச் சொந்தமாகிவிடும் என்னும் வதந்தி அதற்கு மேலும் பயத்தை ஊட்டிற்று. இந்த வதந்திக்கு ஆதாரமில்லை. உடையவரின் உரிமையை மறுத்து எதிரிடையாக அனுபவிப்பவருக்கே காலவரையறைச் சட்டத்தின் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு பொருந்துமேயன்றி, உடையவரின் அனுமதியோடு உள்ளே வந்து, மாதந்தோறும் வாடகை கொடுத்து அவருடைய உரிமையை ஒப்புக்கொண்டே வாழ்பவருக்குப் பொருந்தாது. வாடகை வந்ததற்கான எழுத்து ஆதாரம் இருப்பதே உடையவருக்குப் பாதுகாப்பு. ரசீதைக் கண்டு அஞ்சியவர்கள் தமக்குக் காவலாக நின்றதைக் கண்டே அஞ்சினார்கள்.

2017-ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை அடியோடு மாற்றிவிட்டது. வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பாரின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவுபெற வேண்டும் என்பதை மட்டும் அது கண்டிப்பாகக் கேட்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்கென நியமிக்கப்படுகிறார். விண்ணப்பத்தை இணையத்தளம் வாயிலாகவே அனுப்பலாம். பதிவு முடிந்ததும் ஓர் எண் வழங்கப்படுகிறது. பதினொரு மாதம் என்று எழுதினாலும் இப்பதிவிலிருந்து விலக்கில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும், இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் செலுத்தாததும் வீட்டைத் திரும்பப் பெறுவதற்குரிய காரணங்களாக அச்சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளன. எனவே வழக்கறிஞரின் வாசலிலும் நீதிமன்றத்தின் வாசலிலும் ஆயுளைக் கழிக்க நேருமோ என்னும் அச்சத்தினால் மட்டும் ஒருவர் நிர்வாகியைத் தேடுவாரானால், அந்தத் தொகையைச் செலவிடுமுன் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்தாரா என்று தம்மையே கேட்டுக்கொள்வது உசிதம்.

அட்வான்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மறுதலையாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டம் சொல்லியிருக்க, சென்னையில் பத்து மாதம், ஆறு மாதம் என்னும் சம்பிரதாயம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் வாடகைக்கு வருகிற ஓர் இளம் குடும்பம் ஒன்றரை லட்சம் ரூபாயை வட்டியில்லாமல் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றால், பல வேளைகளில் அது நகையை அடகு வைத்துப் பிறந்த பணமாகவே இருக்கும். அத்தொகை உடையவருக்கு வருமானம் அன்று, கடன். இதை மறந்து, அந்தப் பணத்தை வீட்டுக் கல்யாணத்திலோ மேல்தளம் கட்டுவதிலோ போட்டுவிட்டு, குடியிருப்பவர் காலி செய்கிறபோது அடுத்தவரின் அட்வான்ஸ் வந்தால்தான் திருப்பித் தர முடியும் என்று கை விரிக்கும் நிலைமையிலிருந்தே பெரும்பாலான மனக்கசப்புகள் உண்டாகின்றன. வீடு காலியாகிக் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தங்கள் போக மிச்சத்தைத் தந்துவிட வேண்டும் என்பது விதி. வாங்கிய அன்றே அதை வங்கியில் தனிக் கணக்கில் வைப்பாக இட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பாராதிருப்பவருக்கு இச்சங்கடம் என்றைக்கும் நேராது.

இனி, யாரைக் குடிவைப்பது என்னும் பிரச்சினை. தரகர் ஒரு மாத வாடகையைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாரேயன்றி, ஆளின் தன்மைக்கு அவர் ஜவாப்தாரி அல்லர். வருகிறவர் என்ன வேலை செய்கிறார், மாத வருமானம் வாடகையைத் தாங்குமா, முன்பிருந்த வீட்டை விட்டு ஏன் வருகிறார், எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்ற நான்கு கேள்விகளை மரியாதையோடு நேரில் உட்கார்ந்து கேட்டு, முடியுமானால் பழைய வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டால் போதும். அடையாளச் சான்றின் நகலும் உத்தியோகச் சான்றும் பெற்றுக்கொள்ளலாம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட ஐவர் காவல்துறையால் சுடப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து, குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டுமென்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த விவரத்தைக் கொடுத்து வைப்பது உடையவருக்குப் பாதுகாப்பே.

ஆனால் ஜாதியைக் கேட்பதும், மதத்தைக் கேட்பதும், சைவ உணவுக்காரருக்கு மட்டும் என்று பலகை தொங்கவிடுவதும், தனியாக வாழும் பெண்ணுக்கு இல்லை, கணவனை இழந்தவளுக்கு இல்லை, வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை என்று வாசலிலேயே திருப்பியனுப்புவதும் விசாரணை ஆகமாட்டா. அவை அநீதி. மழையில் குடை பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு தெருத் தெருவாக வீடு தேடும் ஒரு குடும்பம் தன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவதைக் காண்பதைக் காட்டிலும் பெரிய அவமானம் நகர வாழ்வில் வேறில்லை. வாடகை ஒழுங்காகத் தருவதற்கும் வீட்டைப் பேணுவதற்கும் ஜாதிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது பலரைக் குடிவைத்துப் பார்த்த எந்த வீட்டுக்காரருக்கும் தெரிந்த உண்மை. தமக்காக ஆள் தேடும் நிறுவனத்திடம் இத்தகைய நிபந்தனைகளைச் சொல்லி, தாம் நேரில் சொல்லக் கூசுவதை அவர்கள் வாயால் சொல்லவைப்போரும் உளர்; உடையவரே நேரில் விசாரிக்கும்போது அந்தத் திரை இல்லாமற் போவது நல்லதே.

ஒப்பந்தம் எழுதுகையில் வாடகை, தேதி, உயர்வின் விகிதம், காலி செய்வதற்கான அறிவிப்புக் காலம் ஆகியவற்றை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்; பழுதுகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. புதிய சட்டத்தின் அட்டவணை இதில் நல்ல வழிகாட்டி: கட்டடத்தின் உறுதியைப் பற்றிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், குழாய் மாற்றுதல், மின்கம்பிப் பராமரிப்பு ஆகியன உடையவரைச் சார்ந்தவை, திருகுகுழாயின் வாஷர், சுவிட்சு, பூட்டு, அடைந்த சாக்கடை, கெய்சர், உடைந்த ஜன்னல் கண்ணாடி முதலியன குடியிருப்பவரைச் சார்ந்தவை, வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதன்படி. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோது நியாயமாகாது. குடிவரும் நாளில் மின்விசிறிகள், விளக்குகள், சாவிகள் ஆகியவற்றின் பட்டியலோடு, சுவர்களின் படங்களையும் மீட்டரின் அளவையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், புறப்படும் நாளில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

உடையவரின் பிரயாசையில் பெரும்பகுதி உண்மையில் தண்ணீரைப் பற்றியது. நிலத்தடித் தொட்டியான சம்ப்பைத் துப்புரவாக வைப்பது, மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒழுங்கு செய்வது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதன் செலவைப் பங்கிடுவது ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிக்காத வீட்டில், 2019 கோடையைப் போன்ற பஞ்சம் வரும்போது மாடிக்கும் கீழுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிடுகிறது. 2003-இல் தமிழ்நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகள் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. அவற்றை ஆண்டுக்கொரு முறை தூர்வாரினாலே கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வித்தியாசம் தெரியும். மேலேயிருந்து வரும் தண்ணீரோ இன்னும் பெரிய சத்துரு. ஐப்பசி மழைக்கு முன்னர், புரட்டாசியில் ஒரு நாள் மொட்டைமாடிக்கு ஏறிச் சென்று, தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா, வடிகுழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்து, கொத்தனாரை அழைத்து அன்றைக்கே பூசவைத்தால் சிறு தொகையோடு போகும். விட்டால் அந்த ஓதம் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்து, கூரைப் பூச்சு குடியிருப்பவரின் தலையில் உதிர்கிற வரையில் போய் நிற்கும். நிர்வாக நிறுவனத்தின் ஊழியர் புகார் வந்தால் வருவார்; புகாருக்கு முன்னரே புரட்டாசியில் மாடிக்கு ஏறுகிற அக்கறை, அந்த வீட்டைக் கட்டியவருக்கே இயல்பு.

மின்சாரத்தில் இரண்டு காரியங்கள் முக்கியம். ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைப்பதாலும், உபயோகம் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறுவதாலும், மூன்று குடித்தனங்களை ஒரே மீட்டரில் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது குடியிருப்பவரை இரு வகையில் நஷ்டப்படுத்துகிறது. தனித்தனி இணைப்பே நேர்மையான ஏற்பாடு. மற்றொன்று உயிரைப் பற்றியது. கசிவு மின்சாரத்தைக் கண்ட மாத்திரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பரும் சரியான எர்த்தும் இல்லாத வீட்டில் கெய்சர் இருக்கும் குளியலறை அபாயமானது. இதற்குக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரரை மன்னிப்பதற்கில்லை.

கீழே தாமும் மேலே குடித்தனக்காரருமாக வாழும் வீடுகளில் வேறொரு தொல்லை உண்டு. அங்கே அக்கறை மிகுந்து அதிகாரமாகிவிடுகிறது. இரவு எத்தனை மணிக்கு வந்தார், விருந்தாளி எத்தனை நாள் தங்கினார், அடுப்பில் என்ன சமைந்தது என்பனவெல்லாம் உடையவரின் விஷயங்கள் அல்ல. உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்னர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதன் கருத்து, வாடகை கொடுத்தவருக்கு அது வீடு என்பதே. பாக்கி எவ்வளவு இருந்தாலும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திப் பணிய வைப்பதும் குற்றம். பாக்கியைப் பற்றி முறையிட வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வாடகை வருமானத்திலிருந்து உடையவர் செலுத்திய சொத்து வரியைக் கழித்தபின், மிச்சத்தில் 30 சதவீதத்தை, செலவுக் கணக்குக் கேளாமலே வருமான வரிச் சட்டம் கழித்துத் தருகிறது. பழுது பார்ப்பதற்கென்று தரப்பட்ட அந்தச் சலுகையில் ஒரு பகுதியையேனும் தனியே ஒதுக்கி வைப்பது கடமை என்று நான் கருதுகிறேன். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், சம்பளக்காரர் வீட்டு வாடகைப்படிக்குச் சலுகை கோர உடையவரின் பான் எண்ணைத் தர வேண்டியிருக்கிறது. அதைக் கொடுக்க மறுப்பது வரியை மறைப்பதன்றி வேறில்லை. வீடு காலியாகக் கிடக்கும் மாதமே மிகப் பெரிய நஷ்டம். அதில் பஞ்சாங்கத்துக்கும் பங்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோவோர் அரிது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்து வீடு மாறுவோர் வைகாசியில் மாறிவிடுகிறார்கள். ஆகையால் ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி வரையில் டு-லெட் பலகை தொங்கக்கூடும். ஒப்பந்தம் முடியும் மாதத்தைச் சித்திரையிலோ தையிலோ வரும்படி அமைப்பவரும், நல்ல குடித்தனக்காரரை ஐந்நூறு ரூபாய் உயர்வுக்காக இழக்காதவரும் ஆண்டுக் கணக்கில் முன்னே நிற்பார்கள்.

யாருக்கு இது இயலாது? அயல்நாட்டில் வாழ்பவருக்கு, பல ஊர்களில் பல வீடுகள் உடையவருக்கு, பிணக்கென்றால் உறக்கம் கெடும் இயல்பினருக்கு நிர்வாகி தேவைதான். நிர்வாகியை நியமித்தால் அவர் பெயரையும் அதிகார எல்லையையும் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அயல்நாட்டு வாசிகளுக்கு இன்னொரு சிக்கல்: உள்நாட்டு உரிமையாளரென்றால் மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குத்தான் தனிநபர் குடித்தனக்காரர் 2 சதவீத வரி பிடிக்க வேண்டும்; உரிமையாளர் அயல்நாட்டில் வசிப்பவராயின், வாடகை எவ்வளவு சிறிதானாலும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துச் செலுத்த வேண்டும். இதைச் சொல்லாமல் ஓர் எளிய குடும்பத்தைக் குடிவைத்து, பின்னர் வரித்துறையின் நோட்டீஸ் அவர்கள் பெயருக்கு வரும்படி செய்வது பெரும்பிழை.

மாடிப்படி ஏற முடியாத முதியவர்களுக்கோ, முழு நிர்வாகத்தையும் விலைக்கு வாங்காமலே ஒரு நடுவழி இருக்கிறது. நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் ஆகிய மூவரின் தொலைபேசி எண்களைக் குடித்தனக்காரரிடம் கொடுத்து, இன்ன தொகைக்கு உட்பட்ட பழுதை அவரே பார்த்துக்கொண்டு, ரசீதை வைத்து அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம். அந்தத் தொகைக்கு மேற்பட்ட வேலைகளுக்கு மட்டும் பெரியவரைக் கலந்துகொண்டால் போதும்.